19 அங்குல ரேக்கும் வீடு தேடி வந்த பழைய சர்வர்களும்

பழைய ரேக் சர்வர்களை வீட்டில் வைத்துப் பழகுவது என்பது, நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த சர்வர் கணினிகளைக் குறைந்த விலைக்கு வாங்கி, பிரித்துப் பார்த்து, பழுது நீக்கி, மீண்டும் இயக்கும் பொழுதுபோக்காகும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதை 'ஹோம்லேப்', அதாவது வீட்டு ஆய்வுக்கூடம், என்கிறார்கள். சர்வர் என்ற சொல்லுக்குத் தமிழில் 'வழங்கி' என்ற சொல் வழக்கில் இருந்தாலும், கடைவீதியிலும் அலுவலகத்திலும் சர்வர் என்றே சொல்லப்படுவதால் இக்கட்டுரையிலும் அச்சொல்லே பயன்படுத்தப்படுகிறது. சர்வர்களைப் பொருத்தும் இரும்புச் சட்டகமே ரேக். இந்தப் பொழுதுபோக்கு கணினிக் காலத்துக்கு உரியது என்று தோன்றலாம். ஆனால் அதன் வேர் தொலைபேசி நிலையங்களில் இருக்கிறது.

ரேக் பிறந்த இடம்

1915ஆம் ஆண்டு ஜனவரி 25 அன்று நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே தொலைபேசிச் சேவை முறையாகத் தொடங்கியது. கம்பியில் செல்லும் குரல் தூரம் செல்லச் செல்லத் தேய்ந்துபோகும். அதை வழியில் பிடித்து, வெற்றிடக் குழாய்களால் பெருக்கி, மீண்டும் அனுப்பும் கருவிக்கு ரிப்பீட்டர் என்று பெயர். அந்தக் கருவி இல்லாமல் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பேசியிருக்க முடியாது. 1914-ல் வந்த முதல் ரிப்பீட்டர்களை மரப் பெட்டியிலும் அலமாரித் தட்டிலும் கிடைத்த இடத்தில் பொருத்தினார்கள். சில ஆண்டுகளில் தொலைதூர இணைப்புகள் பெருகின. ஒவ்வொரு கருவியும் ஒவ்வோர் அளவில் இருந்ததால் தொலைபேசி நிலையங்களில் இடம் போதவில்லை.

1922-ஐ ஒட்டி ஏ.டி.&டி. நிறுவனத்தின் பொறியாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எல்லாக் கருவிகளின் முகப்புப் பலகையும் 19 அங்குல அகலத்தில் இருக்க வேண்டும். உயரம் எவ்வளவாகவும் இருக்கலாம், ஆனால் அது 1¾ அங்குலத்தின் முழு மடங்காக இருக்க வேண்டும். இந்த 1¾ அங்குலமே இன்று '1 யூ' எனப்படும் அலகு. '2 யூ சர்வர்' என்றால் 3½ அங்குல உயரமுள்ள சர்வர். தரவு மையங்களில் பரவலாகக் காணப்படும் 42 யூ ரேக்கின் உள்ளுயரம் 42 × 1¾ = 73½ அங்குலம், அதாவது ஆறடிக்குச் சற்று மேல். ஏறக்குறைய ஓர் ஆள் உயரம்.

துளைகளின் இடைவெளியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 1934 வாக்கில் துளைகள் 1¼ அங்குலம், ½ அங்குலம் என்று மாறி மாறி வரும்படி அமைந்திருந்தன. இரண்டையும் கூட்டினால் 1¾. பின்னாளில் 1¼ அங்குல இடைவெளியின் நடுவில் இன்னொரு துளை சேர்ந்தது. எனவே இடைவெளிகள் ⅝, ⅝, ½ என்றாயின. கூட்டுத்தொகை அதே 1¾ தான். அமெரிக்கா 1988-ல் மெட்ரிக் அளவுக்கு முன்னுரிமை தரும் சட்டம் இயற்றியது. அதையொட்டி 1992-ல் இத்தரத்தைத் திருத்தியபோது 15.875 + 15.875 + 12.7 = 44.45 மில்லிமீட்டர் என்று எழுதினார்கள். எழுதும் முறை மாறியதே தவிர இரும்பில் எந்த மாற்றமும் இல்லை. 1930களில் செய்த ஒரு தொலைபேசிப் பலகையின் துளைகள் இன்று வாங்கும் ரேக்கின் துளைகளோடு பொருந்தும். கணினி உலகில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எல்லாம் மாறிப்போவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாகவே இருக்கும்.

போர் உபரியும் வானொலி ஆர்வலரும்

ரேக்கை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் கணினிக்காரர்கள் அல்லர், 'ஹாம்' எனப்படும் வானொலி ஆர்வலர்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ராணுவத்துக்குத் தேவைப்படாத ரேடியோக் கருவிகள் மிகக் குறைந்த விலையில் சந்தைக்கு வந்தன. நியூயார்க்கில் கோர்ட்லண்ட் தெருவை ஒட்டியிருந்த 'ரேடியோ ரோ' கடைவீதி அதற்குப் பெயர்பெற்றது. உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு இடம் தேடி 1966-ல் அந்தக் கடைவீதியை இடித்தார்கள். அங்கிருந்து வாங்கிய ரிசீவர்களும் டிரான்ஸ்மிட்டர்களும் வீட்டின் நிலவறையில் 19 அங்குல ரேக்கில் ஏறின. பெரிய அமைப்பு ஒன்று கழித்துத் தள்ளியதைத் தனியாள் ஒருவர் எடுத்து வந்து கற்றுக்கொள்வது என்ற பழக்கம் அப்போதே வேரூன்றிவிட்டது.

இதே மரபில் வந்த ஒரு பெருமுயற்சி பிரிட்டனில் நடந்தது. போர்க்காலத்தில் ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைக்க, தபால்துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் வடிவமைத்த கொலோசஸ் இயந்திரங்கள் பிளெட்ச்லி பார்க்கில் இயங்கின. அவற்றைத் தொலைபேசி நிலையப் பாகங்களைக் கொண்டு தொலைபேசி ரேக்குகளிலேயே கட்டியிருந்தார்கள். போருக்குப் பின் ரகசியம் கருதி அவை கலைக்கப்பட்டு, வரைபடங்களும் எரிக்கப்பட்டன. 1993-ல் டோனி சேல் என்பவர் தலைமையில் ஒரு குழு அதை மீண்டும் கட்டத் தொடங்கியபோது கையில் இருந்தவை 1945-ல் எடுத்த எட்டு நிழற்படங்கள், பழைய பொறியாளர்கள் விதியை மீறிப் பாதுகாத்து வைத்திருந்த சில மின்சுற்று வரைபடத் துண்டுகள், அவர்களின் நினைவு ஆகியவையே. அந்தச் சமயத்தில் பிரிட்டனின் பழைய தொலைபேசி நிலையங்கள் கழிக்கப்பட்டு வந்ததால் ரேக்குகளும் ரிலேக்களும் கிடைத்தன. 1996-ல் இயந்திரம் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது. 2007-ல் முழுமை பெற்றது. தொலைபேசி நிலையங்கள் பத்தாண்டு முன்னதாகவே கழிக்கப்பட்டிருந்தால் அந்தப் பாகங்கள் உலோக விலைக்குப் போயிருக்கும். பழம்பொருள் குப்பையாகும் நேரமும் அதைத் தேடுகிறவர் வரும் நேரமும் பொருந்துவது அபூர்வம்.

ரேக்கில் ஏறிய கணினி

1965-ல் அமெரிக்காவின் டெக் நிறுவனம் பி.டி.பி-8 என்ற சிறு கணினியை ஏறத்தாழ 18,000 டாலர் விலையில் வெளியிட்டது. ஓர் அறையையே அடைத்த கணினிகளுக்கு நடுவே இது ரேக்கில் பொருத்தத்தக்க அளவில் இருந்தது. ஆய்வுக்கூடங்களில் ஏற்கெனவே ரேக்குகள் இருந்ததால் அளவுக் கருவிகளுக்குப் பக்கத்திலேயே கணினியையும் வைக்க முடிந்தது. 1970-ல் வந்த பி.டி.பி-11 இன்னும் பரவியது. யூனிக்ஸ் இயங்குதளம் அந்த இயந்திரத்தின் மேல்தான் வளர்ந்தது.

தனிக்கணினிகள் வந்தபின் சில காலம் ரேக் பின்னுக்குப் போனது. அலுவலகச் சர்வர் என்பது மேசைக்கு அடியில் நிற்கும் பெரிய பெட்டியாக இருந்தது. 1989-ல் காம்பாக் நிறுவனம் வெளியிட்ட சிஸ்டம்ப்ரோ, தனிக்கணினிப் பாகங்களைக் கொண்டு சர்வரென்றே வடிவமைத்த தொடக்ககால இயந்திரங்களில் ஒன்று. 1993-ல் அதே நிறுவனத்தின் புரோலையன்ட் வரிசை வந்தது. உலகளாவிய வலை பரவியதும் நிலைமை தலைகீழானது. ஒரே கட்டடத்தில் நூற்றுக்கணக்கான கணினிகளை வைக்க வேண்டிய தேவை எழுந்தது. இடத்துக்கு வாடகை கொடுத்தவர்கள் யூ கணக்கில் கொடுத்தார்கள். எனவே உயரத்தைக் குறைக்கும் போட்டி தொடங்கியது. 1998-ல் கோபால்ட் நெட்வொர்க்ஸ் வெளியிட்ட நீல முகப்புள்ள 'ராக்' என்ற 1 யூ சர்வர் அக்காலத்தின் அடையாளம். 2000-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்நிறுவனத்தையே ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்கியது.

அப்போது சிறு நிறுவனமாக இருந்த கூகுள் 1999-ல் சர்வர் வாங்கப் பணமில்லாமல், சாதாரண மதர்போர்டுகளைப் பெட்டியின்றித் தட்டுகளில் பரப்பி ரேக்கில் செருகியது. உலோகத் தட்டில் மின்கசிவு ஏற்படாமலிருக்க இடையில் தக்கைத் தாள் விரித்திருந்தார்கள். அந்த ரேக்குகளில் ஒன்று கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்று வீட்டில் சர்வர் வைத்திருப்பவர் பலகைத் துண்டையும் திருகாணியையும் கொண்டு செய்யும் ஒட்டுவேலைக்கும் அதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

2000, 2001ஆம் ஆண்டுகளில் இணைய நிறுவனங்கள் அடுத்தடுத்துச் சரிந்தன. ஓராண்டுகூட ஓடாத சர்வர்கள், ரேக்குகள், நெட்வொர்க் ஸ்விட்சுகள் ஏலத்துக்கு வந்தன. அதற்குள் ஈபே போன்ற இணைய ஏலத் தளங்களும் வளர்ந்திருந்தன. போர் உபரி ஹாம் ஆர்வலருக்கு எதைச் செய்ததோ, அதை இந்தச் சரிவு கணினி ஆர்வலருக்குச் செய்தது.

கழிக்கப்பட்ட சர்வர் வரும் வழி

நிறுவனங்கள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில், உத்தரவாதக் காலம் முடியும்போது, சர்வர்களை மாற்றிவிடுகின்றன. பழையவற்றைக் கழிவு மேலாண்மை நிறுவனங்கள் மொத்தமாக எடுத்துச் செல்கின்றன. சில பிரிக்கப்பட்டு உலோகமாகின்றன, சில சோதிக்கப்பட்டு மறுவிற்பனைக்கு வருகின்றன. இந்தியாவில் 2012 மே முதல் மின்னணுக் கழிவுக்கெனத் தனி விதிகள் நடைமுறையில் உள்ளன. சில்லறையாக வாங்க விரும்புவோர் சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. சாலை, டெல்லி நேரு பிளேஸ் போன்ற இடங்களில் பழைய கணினிப் பாகங்களைத் தேடுகிறார்கள்.

இப்படி வரும் சர்வரில் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் இருக்காது. வாடிக்கையாளர் தகவல் வெளியே போகக்கூடாது என்பதற்காக டிஸ்குகளைத் துளையிட்டோ அரைத்தோ அழித்துவிடுவார்கள். அதோடு டிஸ்க்கைத் தாங்கும் சிறு உலோகச் சட்டமும் சேர்ந்தே போய்விடும். பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ள இயந்திரம் கையில் இருக்கும். அதற்குள் டிஸ்க் மாட்டக் கையளவு சட்டம் கிடைக்காமல் வாரக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதைத் தாங்களே அச்சிட்டுக்கொள்கிறார்கள். ரேக்கில் சறுக்கி ஏற்றும் தண்டவாளங்களும் இதுபோலவே பழைய ரேக்கிலேயே தங்கிவிடும்.

டிஸ்குகளை அழிப்பது வீண் என்று நினைப்பவர்கள் ஓர் ஆய்வை அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலத் ஆகிய இருவர் 158 பழைய டிஸ்குகளை விலைக்கு வாங்கிப் பரிசோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். இயங்கிய 129 டிஸ்குகளில் 12 மட்டுமே ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தன. மற்றவற்றிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. டிஸ்கோடு சேர்த்துச் சர்வர் வாங்கும் ஒருவர், யாரோ சிலரின் வாழ்க்கையையும் சேர்த்தே வாங்கியிருக்கக்கூடும். அதைத் திறந்து பார்க்காமல் துடைத்துவிடுவதே முறை.

பழைய சர்வர் மெமரி மலிவாகக் கிடைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பல சர்வர்களில் 'ரெஜிஸ்டர்டு' வகை மெமரி பயன்படுகிறது. அது வீட்டுக் கணினிகளின் மதர்போர்டில் வேலை செய்யாது. நிறுவனங்கள் புதிய தலைமுறைக்கு மாறியதும் பழைய மெமரியை வாங்க வேறு ஆள் இல்லாமல் போகிறது. எஞ்சியிருப்பவர்கள் இந்த ஆர்வலர்கள் மட்டுமே.

ஆர்வம் எந்த எல்லை வரை போகும் என்பதற்கு 2015-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்வு போதும். 18 வயது இளைஞர் ஒருவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் கழித்த ஐ.பி.எம். z890 பெருங்கணினியை 237 டாலருக்கு வாங்கினார். அதை வீட்டு வாசலில் இறக்கியபின்தான் படியில் இறங்காது என்பது தெரியவந்தது. பாகம் பாகமாகப் பிரித்து நிலவறைக்குள் இறக்கி, மீண்டும் பூட்டி இயக்கினார். மறு ஆண்டு, பெருங்கணினி வல்லுநர்கள் கூடிய மாநாட்டில் அந்த அனுபவத்தை உரையாக நிகழ்த்தினார். பின்னர் ஐ.பி.எம். நிறுவனமே அவருக்கு வேலை கொடுத்தது.

இரைச்சல், வெப்பம், மின்கட்டணம்

வீட்டுக்கு வந்த சர்வரை முதன்முறை இயக்கும்போது குடும்பத்தார் பயந்துபோவதுண்டு. இதன் காரணம் எளிய இயற்பியல். 1 யூ சர்வரின் உயரம் 44 மில்லிமீட்டர். அதற்குள் 40 மில்லிமீட்டர் விசிறிதான் பொருந்தும். சிறிய விசிறி போதுமான காற்றைத் தள்ள நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். அந்த வேகத்தில் எழுவது கீச்சென்ற ஊளை. 2 யூ சர்வரில் 60 மில்லிமீட்டர் விசிறி பொருந்துவதால் சற்று அடங்கிய ஒலி. வீட்டில் வைப்போர் 1 யூ-வைத் தவிர்த்து 2 யூ-வைத் தேடுவது இதனால்தான்.

மின்சாரக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 2009 காலத்து இரட்டைப் ப்ராசஸர் சர்வர், வேலையே இல்லாமல் சும்மா இருக்கும்போதும் 150 முதல் 200 வாட் வரை எடுக்கக்கூடும். 200 வாட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 4.8 யூனிட். தமிழ்நாட்டில் போல இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் இடத்தில் 60 நாளுக்கு 288 யூனிட். இத்தனையும் கடைசியில் வெப்பமாகவே அறைக்குள் வெளிவரும். கனடாவிலோ நார்வேயிலோ அது குளிர்காலத்தில் வரவு. சென்னையில் மே மாதத்தில் அதே வெப்பத்தை வெளியேற்ற ஏசிக்கு இன்னொரு செலவு. வாங்கும் விலை மலிவு என்று எண்ணி வாங்குபவர் ஓராண்டுக்கான மின்கட்டணத்தை முதலில் கணக்கிட்டால் பாதி ஆசை அடங்கிவிடும். அதனால் அனுபவசாலிகள் இரவும் பகலும் ஓட்டுவதில்லை, பழகும் நேரத்தில் மட்டும் இயக்குகிறார்கள்.

ரேக்கின் விலையும் எடையும் இன்னொரு சிக்கல். அதற்கு ஒரு வேடிக்கையான தீர்வு நெதர்லாந்தில் 2010 வாக்கில் கணினி ஆர்வலர்களிடையே தோன்றியது. சுவீடனின் ஐக்கியா நிறுவனம் விற்கும் 'லாக்' என்ற சிறு மேசையின் அகலம் 55 சென்டிமீட்டர். இருபுறக் கால்களும் 5 சென்டிமீட்டர் தடிமன். கால்களுக்கு நடுவே மிஞ்சுவது 45 சென்டிமீட்டர். ரேக்கின் உள்திறப்பும் சரியாக அவ்வளவே. மேசையின் காலிலேயே சர்வரைத் திருகிவிடலாம். இதற்கு 'லாக்ரேக்' என்று பெயர் வைத்தார்கள். கால்கள் கெட்டி மரம் இல்லை என்பதால் கனமான சர்வரை அது தாங்காது. இலகுவான ஸ்விட்சுக்குப் போதும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

சர்வரின் மேல்மூடியைத் திறப்பவர் காண்பது, ஒன்று பழுதானாலும் நின்றுவிடாமல் ஓட வேண்டும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட இயந்திரம். பவர் சப்ளை இரண்டு. ஒன்றை உருவினாலும் மற்றது தாங்கும். டிஸ்குகளை ஓடும்போதே கழற்றி மாட்டலாம். 1988-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுரையில் 'ரெய்டு' என்ற முறை விளக்கப்பட்டது. மலிவான பல டிஸ்குகளைச் சேர்த்து, ஒன்று செத்தாலும் தகவல் பிழைக்கும்படி செய்வது அதன் சாரம். புத்தகத்தில் படிப்பது ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலிருந்து ஒரு டிஸ்க்கை உருவி, புதியதை மாட்டி, அது மெல்ல மெல்ல நிரம்புவதைப் பார்ப்பது வேறொன்று. வேலைக்குப் போகுமுன் இதைச் சொந்த இயந்திரத்தில் செய்து பழகியவர் அலுவலகத்தில் பதறமாட்டார்.

மெமரியிலும் பிழை திருத்தும் ஏற்பாடு உண்டு. இதன் அடிப்படை பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹாமிங் 1950-ல் வெளியிட்ட கட்டுரை. வார இறுதியில் ஆளின்றி ஓடிய ரிலே கணினி ஏதோ ஒரு பிழையில் அவருடைய கணக்கைக் கைவிட்டுவிடும். பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அதைத் திருத்திக்கொள்ளத் தெரியாதா என்ற எரிச்சலில் பிறந்தது அந்தக் கணிதம். ரேக்கைத் தந்த அதே தொலைபேசிக் குடும்பம்தான் இதையும் தந்திருக்கிறது.

சர்வருக்குள் இன்னொரு குட்டிக் கணினியும் இருக்கும். முதன்மைக் கணினி அணைந்திருந்தாலும் அது விழித்திருந்து வெப்பநிலை, விசிறி வேகம் ஆகியவற்றைக் கவனிக்கும். தொலைவிலிருந்தே சர்வரை இயக்கவும் அணைக்கவும் உதவும். இதற்கான ஐ.பி.எம்.ஐ. என்ற பொதுத்தரத்தை 1998-ல் இன்டெல், டெல், ஹெச்.பி., என்.ஈ.சி. ஆகியவை சேர்ந்து வெளியிட்டன. டெல் சர்வர்களில் இதன் ஆரம்பக் கடவுச்சொல் நெடுங்காலம் 'கால்வின்' என்றே இருந்தது. உலகுக்கே தெரிந்த கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்தில் இணைப்பது வாசற்கதவைத் திறந்துவைத்துத் தூங்குவதற்குச் சமம்.

2009-ல் வந்த டெல் பவர்எட்ஜ் ஆர்710 போன்ற சர்வர்கள் ஆர்வலரிடையே மிகப் பிரபலமாயின. அவற்றில் இருந்த இன்டெல் ப்ராசஸர்கள், ஒரு கணினிக்குள் பல கணினிகளை உருவகித்து ஓட்டும் மெய்நிகராக்கத்துக்கு நல்ல துணை செய்தன. ஒரே இரும்புப் பெட்டியில் பத்துப் பதினைந்து கணினிகளை உருவாக்கி, உடைத்து, மீண்டும் உருவாக்கலாம். நிறுவனங்களில் நடப்பதை வீட்டில் நடத்திப் பார்க்க மாணவர்களுக்கு இது வழி திறந்தது.

காலம் தின்னும் பாகங்கள்

பழைய சர்வர்களின் எதிரி பெரும்பாலும் மிகச் சிறிய பாகம்தான். சன் நிறுவனத்தின் ஸ்பார்க் இயந்திரங்கள் பலவற்றில், கடிகாரமும் இயந்திரத்தின் அடையாள எண்ணும் நெட்வொர்க் முகவரியும் ஒரு சில்லில் பதிந்திருக்கும். அந்தச் சில்லை உயிரோடு வைக்கும் பாட்டரி சில்லின் உள்ளேயே வார்க்கப்பட்டிருக்கும். அதன் ஆயுள் ஏறத்தாழ பத்து ஆண்டு. பாட்டரி தீர்ந்தால் இயந்திரம் தன் பெயரையே மறந்துவிடும். ஆர்வலர்கள் சில்லின் மேற்பூச்சை அரத்தால் தேய்த்து, உள்ளிருக்கும் பாட்டரி முனைகளைக் கண்டுபிடித்து, வெளியில் ஒரு நாணய பாட்டரியைப் பற்றவைத்து இயந்திரங்களை மீட்கிறார்கள். பற்றவைப்பதற்கு முன் பழைய பாட்டரியின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பழைய முகவரி பெட்டியின் வெளியிலோ உள்ளேயோ ஒட்டிய சீட்டில் இருந்தால் அதைக் கைப்பட மீண்டும் பதியலாம்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த மதர்போர்டுகளில் மின்தேக்கிகள் வீங்கி வெடித்தது பெரும் தொல்லை. ரெய்டு அட்டையின் பாட்டரியும் வயதானால் உப்பிவிடும், உடனே அகற்ற வேண்டும். பவர் சப்ளையைத் திறப்பது மட்டும் கற்றுக்குட்டிகளுக்கு உரிய வேலை அன்று. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இரும்பு இருந்தும் உரிமம் இல்லாத நிலை

பாகத்தைப் பற்றவைத்து மீட்கலாம். மென்பொருளை அப்படி மீட்க முடிவதில்லை. 2014-ல் ஹெச்.பி. நிறுவனம், புரோலையன்ட் சர்வர்களின் ஃபர்ம்வேர் திருத்தங்கள் உத்தரவாதமோ பராமரிப்பு ஒப்பந்தமோ உள்ளவர்களுக்கே கிடைக்கும் என்று அறிவித்தது. இரண்டாம் கையாக வாங்கியவருக்கு இரண்டும் இருக்காது. 2010-ல் சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிளும் அதன் இயந்திரங்களின் திருத்தங்களை ஒப்பந்தக்காரர்களுக்கென ஒதுக்கியது. மெய்நிகராக்க மென்பொருள் நிறுவனமான விஎம்வேரை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கியது. வீட்டில் பழகியோர் பலரும் சார்ந்திருந்த இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ பதிப்பு 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. ஓராண்டுக்குப் பின் ஓர் இலவசப் பதிப்பு மீண்டும் வந்தது. அதற்குள் பலர் ஆஸ்திரியாவில் உருவாகும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டார்கள்.

கட்டற்ற மென்பொருளும் எல்லாவற்றையும் என்றென்றும் தாங்குவதில்லை. ஹெச்.பி.யின் ரேக் சர்வர்களில் இருந்த இட்டானியம் ப்ராசஸருக்கான நிரல்கள், பராமரிக்க ஆளில்லாமல், 2024 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 6.7-ல் நீக்கப்பட்டன. 2025-ல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10, 2013-க்கு முற்பட்ட இன்டெல் சர்வர்களில் இயங்காது. ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. பழைய லினக்ஸ் பதிப்பை வைத்திருப்பவர் அதை எந்நாளும் சட்டப்படி ஓட்டலாம்.

டெக் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளுக்கு நேர்ந்தது இதைவிடக் கடினம். 1977-ல் வாக்ஸ்-11/780-உடன் தொடங்கிய வரிசை அது. அதன் இயங்குதளம் விஎம்எஸ், பின்னாளில் ஓப்பன்விஎம்எஸ். ஆர்வலர்கள் வீட்டில் பழகுவதற்கென 1997-ல் இலவச உரிமத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. உரிமம் காலக்கெடு உடையது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். டெக் 1998-ல் காம்பாக் கைக்கும், 2002-ல் ஹெச்.பி. கைக்கும் போனபோதும் திட்டம் தொடர்ந்தது. 2020-ல் அது முடிவுக்கு வருவதாக ஹெச்.பி.ஈ. அறிவித்தது. கடைசி உரிமங்கள் 2021 இறுதி வரை மட்டுமே செல்லுபடியாயின. ஓப்பன்விஎம்எஸ்ஸைப் பொறுப்பேற்ற விஎஸ்ஐ நிறுவனம் ஆல்ஃபா, இட்டானியம் இயந்திரங்களுக்கு ஆர்வலர் உரிமம் வழங்கியது. வாக்ஸை அதில் சேர்க்கவில்லை. 2024-ல் ஆல்ஃபாவுக்கும் இட்டானியத்துக்கும் புதிய ஆர்வலர் உரிமம் இல்லை என்றாகிவிட்டது.

ஆக, பாட்டரி மாற்றி, மின்தேக்கி மாற்றி, நாற்பது வயதான வாக்ஸ் ஒன்றை ஒருவர் உயிர்ப்பித்துவிட்டாலும், அது எந்த இயங்குதளத்துக்காகப் படைக்கப்பட்டதோ அதைப் புதிதாக உரிமம் பெற்று ஓட்ட வழியில்லை. அத்தகைய இயந்திரங்களை வைத்திருப்போர் இப்போது பெரும்பாலும் நாடுவது, வாக்ஸைக் கைவிடாமல் பராமரித்து வரும் நெட்பிஎஸ்டி என்ற கட்டற்ற இயங்குதளத்தை.